வெத்தலைப் பையும் டான்சில் குழியும்: கெடா தோட்டங்களிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு



படிவம் ஒன்று மாணவிகளிடம் எச்.பி.வி. தடுப்பூசிக்கான ஒப்புதல் பாரத்தைக் கொடுத்தனுப்பினால், மறுநாள் பெற்றோர் நம்மைத்தான் கேட்பார்கள். "டீச்சர், இது எதுக்கு? நம்ம குடும்பத்துல யாருக்கும் அப்படி ஒண்ணும் இல்லையே?" கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் இருக்க என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில். மீதி தொண்டையில் இருக்கிறது.

பெடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். விடியுமுன் பிரட்டுக்குப் போகும்போதே மடியில் வெத்தலைப் பை இருக்கும். பால் மரம் வெட்டும் களைப்பும் பசியும் தெரியாமல் இருக்க வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே கொஞ்சம் பொகையிலை. கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் இந்தப் பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். அதன் நோயும் கூடவே வந்தது. வெத்தலை போடுவதற்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1902-லேயே சென்னையில் நிப்லாக் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் என்பவர் 1933-ல் அதையே இன்னும் விரிவாகக் காட்டினார். எந்தக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கிறோமோ அங்கேதான் பெரும்பாலும் புண் வரும்.

நம் நாட்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் கே. ராமநாதன், 1976-ல் தீபகற்ப மலேசியாவின் வாய்ப் புற்றுநோயை இனவாரியாக ஆராய்ந்து வெளியிட்டார். மக்கள் தொகையில் சுமார் பத்தில் ஒரு பங்கே இருந்த இந்தியர்களிடம்தான் நோய் மிக அதிகம். 1990-களின் பிற்பகுதியில் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு தோட்டங்களுக்கே சென்று வாய்ப் பரிசோதனை செய்யத் தொடங்கியது. வரலாற்றுப் பாடத்தில் தோட்டத் தொழிலாளர் வந்த கதையைப் படிக்கிறோம். அவர்கள் வாயில் வந்த புண் எந்தப் பாடத்திலும் இல்லை.

இனி தொண்டைக்கு வருவோம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையுமே "தொண்டைப் புற்றுநோய்" என்று சொல்லிவிடுகிறோம். இங்கேதான் குழப்பம். 1983-ல் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன் குழு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் திசுவில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16-ஆம் வகையைக் கண்டுபிடித்தது. இதற்காக 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1983-ல் பின்லாந்தின் சிர்யானென் தம்பதியர், வாய்ப் புற்றுநோயிலும் இந்த வைரஸுக்குப் பங்கு இருக்கலாம் என்றார்கள். 2000-ல் அமெரிக்காவின் மௌரா கில்லிசன் குழு, தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 253 பேரின் திசுக்களைச் சோதித்தது. கால்வாசிப் பேரிடம் வைரஸ் இருந்தது. அதிகம் இருந்த இடம் டான்சில் பகுதி. அவர்களில் பலர் புகைபிடிக்காதவர்கள், மது அருந்தாதவர்கள்.

ஏன் டான்சில்? அதன் மேற்பரப்பில் ஆழமான குழிகள் உண்டு. குழியின் உள்தோல் மெல்லியது, இடைவெளிகள் உள்ளது. வைரஸ் அடிச் செல்லை எளிதாக எட்டிவிடும். கன்னத்தின் தடித்த தோலில் அவ்வளவு சுலபமில்லை.

உயிரியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். வைரஸின் ஈ7 என்ற புரதம், செல் பிரிவதற்குப் பிரேக் போடும் ஆர்பி புரதத்தைச் செயலிழக்க வைக்கிறது. அதனால் பி16 என்ற இன்னொரு புரதம் செல்லில் குவிகிறது. அறுத்தெடுத்த திசுவில் சாயம் ஏற்றினால் பி16 உள்ள இடம் பழுப்பாகத் தெரியும். மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். உறுதி செய்ய, பி.சி.ஆர். முறையில் வைரஸின் மரபணுவையே தேடலாம்.

பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் டான்சில் வீக்கம் இதுவல்ல. அது வேறு வைரஸ்களாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாலும் வருவது. பயப்பட வேண்டாம்.

கண்டுபிடிப்பதால் என்ன லாபம்? வைரஸால் வந்த கட்டி சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். கழுத்தில் ஒரு பக்கம் நெறிகட்டி நிற்கும் நோயாளியை முன்பெல்லாம் நான்காம் கட்டம் என்றார்கள். 2017-ல் வந்த புதிய வகைப்பாட்டில், வைரஸ் உறுதியானால், பல சமயம் அதே ஆள் முதல் கட்டம். வலியில்லாத அந்தக் கட்டிதான் பலருக்கு முதல் அறிகுறி. வலிக்கவில்லையே என்று தைலம் தேய்த்துக்கொண்டு மாதக் கணக்கில் இருப்பவர்களும் உண்டு.

இந்த வைரஸ் நெருங்கிய உறவில் பரவும் என்பதால் வீட்டில் பேசக் கூச்சப்படுகிறோம். எனக்கும் வகுப்பில் நாக்கு இழுக்கும். ஆனால் வாழ்நாளில் பெரும்பாலோருக்கு ஒரு தடவையாவது தொற்றி, தானாகவே போய்விடும் கிருமி இது. இதில் யாருடைய ஒழுக்கத்தையும் எடைபோட ஒன்றுமில்லை.

நம் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கான தடுப்பூசித் திட்டம் 2010-ல் தொடங்கியது. 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்தத் தடுப்பூசி ஒன்றின் பயன் பட்டியலில் தொண்டைப் புற்றுநோய்த் தடுப்பையும் சேர்த்தது. வெத்தலையால் வரும் நோயை அது தடுக்காது. பாட்டியை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போய் வாயைக் காட்டத்தான் வேண்டும்.

போன தடவை பாரத்தில் கையெழுத்துப் போட்ட ஓர் அம்மா கேட்டார்: "சரி டீச்சர், இந்தத் தொண்டை வியாதி ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்னு சொல்றீங்களே, என் பையனுக்கு எங்க போடுறது?" பள்ளித் திட்டம் மாணவிகளுக்கானது, பையனுக்குத் தனியார் கிளினிக்கில் விசாரிக்க வேண்டும் என்றேன். விலை எவ்வளவு என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.