பின்பால் இயந்திரங்களும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

பின்பால் என்பது சாய்வான பலகையில் எஃகுக் குண்டு ஒன்றை உருளவிட்டு, அது கீழே விழுந்துவிடாமல் தட்டித் தட்டிப் புள்ளிகள் சேர்க்கும் காசு விளையாட்டு. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதன் முதன்மை உற்பத்தி மையமாக இருந்தது. சூதாட்டக் கருவி எனத் தடை செய்யப்பட்டும், சம்மட்டியால் உடைக்கப்பட்டும், பின்னர் வீடியோ விளையாட்டுகளால் ஓரங்கட்டப்பட்டும் பல இயந்திரங்கள் அழிந்தன. எஞ்சியவற்றில் கணிசமானவை இன்றும் ஓடுவதற்குத் தங்கள் வீட்டிலேயே அவற்றைப் பழுதுபார்த்த ஆர்வலர்களே முக்கியக் காரணம்.

தோற்றம்

பின்பாலின் முன்னோடி பேகடெல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் பரவிய இந்த விளையாட்டில், பலகையில் அடிக்கப்பட்ட ஆணிகளுக்கு இடையே குண்டை ஓட்டிக் குழிகளில் விழச் செய்வார்கள். பாரிசுக்கு அருகே 1777இல் கட்டப்பட்ட பேகடெல் மாளிகையிலிருந்து இப்பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்படும், கண்ணாடிக் கோலியோ இரும்புக் குண்டோ கொண்ட ஆணிப்பலகை விளையாட்டு இதன் எளிய வடிவமே.

இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடியேறிய மாண்டேக் ரெட்கிரேவ், 1871இல் பேகடெலுக்கான சில மேம்பாடுகளுக்குக் காப்புரிமை பெற்றார். கோலால் குண்டைத் தள்ளுவதற்குப் பதிலாகச் சுருள்வில் பொருத்திய தண்டை இழுத்துவிடும் முறை அவற்றில் ஒன்று. பின்பால் இயந்திரங்களின் வலப்பக்கம் இன்றுவரை இருப்பது இந்தத் தண்டுதான்.

1931இல் சிகாகோவில் டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பாஃபிள் பால்' 50,000க்கும் மேல் விற்றது. அது பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். ஒரு சென்ட் காசுக்குச் சில நிமிடம் பொழுதுபோனது மக்களுக்குப் பெரிய ஆறுதல். அடுத்த ஆண்டு ரேமண்ட் மொலோனி 'பாலிஹூ' என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதன் பெயரிலிருந்தே பாலி நிறுவனம் பிறந்தது. 1933இல் ஹாரி வில்லியம்ஸ் வடிவமைத்த 'காண்டாக்ட்' மின்காந்தச் சுருளைக் கொண்டு குண்டைக் குழியிலிருந்து வெளியே தள்ளியது. இயந்திரத்தைத் தூக்கியும் குலுக்கியும் ஏமாற்றுவோரைத் தடுக்கும் 'டில்ட்' அமைப்பை உருவாக்கியவரும் அவரே.

தடையும் அழிவும்

தொடக்க கால இயந்திரங்களில் துடுப்புகள் கிடையாது. குண்டை ஏவிய பிறகு ஆட்டக்காரர் செய்யக்கூடியது மிகக் குறைவு. வென்றவருக்குக் காசு திருப்பித் தரும் இயந்திரங்களும் 1933 முதல் வந்தன. இதனால் இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி எழுந்தது. நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா இதைச் சூதாட்டம் என்றே கருதினார். 1942 ஜனவரியில் நகரில் தடை வந்தது. காவல்துறை ஆயிரக்கணக்கான இயந்திரங்களைப் பறிமுதல் செய்து உடைத்தது. மேயரே சம்மட்டியுடன் புகைப்படங்களுக்கு நின்றார். உலோகப் பகுதிகள் போர்த் தேவைக்குச் சென்றன.

விளையாட்டின் தன்மையை மாற்றியது 1947இல் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி'. ஹாரி மாப்ஸ் வடிவமைத்த இந்த இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் அசையும் ஆறு துடுப்புகள் இருந்தன. இனி குண்டின் போக்கை ஆட்டக்காரரே தீர்மானிக்கலாம். ஆயினும் நியூயார்க்கின் தடை மேலும் 29 ஆண்டுகள் நீடித்தது.

1976 ஏப்ரலில் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் நகர மன்றக் குழுவின் முன் பின்பால் ஆடிக் காட்டினார். அடுத்த குண்டு எந்த வழியில் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏவினார். அது அப்படியே சென்றது. அந்த ஆண்டே தடை நீங்கியது. அந்த அடியில் அதிர்ஷ்டமும் இருந்ததாகப் பின்னாளில் ஷார்ப் ஒப்புக்கொண்டார்.

இதே கேள்வி இந்திய நீதிமன்றங்களிலும் எழுந்துள்ளது. 1968இல் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னை கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான கே. ஆர். லக்ஷ்மணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1996இல் அதே அளவுகோல் குதிரைப் பந்தயத்துக்கும் பொருத்தப்பட்டது.

கடையிலிருந்து வீட்டுக்கு

1970களின் பிற்பகுதியில் ரிலேக்களின் இடத்தை மின்னணுச் சுற்றுப்பலகைகள் பிடித்தன. அதே சமயம் 1978இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பேக்-மேன்' போன்ற வீடியோ விளையாட்டுகள் வந்தன. அசையும் பாகங்கள் குறைவு என்பதால் அவற்றைப் பராமரிப்பது கடைக்காரர்களுக்கு எளிது. பழைய பின்பால் இயந்திரங்கள் கிடங்குகளில் தேங்கின. பல குப்பைக்குப் போயின. சில குறைந்த விலைக்கு வீடுகளை அடைந்தன.

வாங்கியவர்களில் பலர் தொழில்முறை மெக்கானிக்குகள் அல்லர். இயந்திரத்தோடு வந்த மின்சுற்று வரைபடத்தையும் ஒரு மல்டிமீட்டரையும் சால்டரிங் இரும்பையும் வைத்துத் தாங்களே கற்றுக்கொண்டனர். 1985 முதல் சிகாகோவில் நடந்துவரும் பின்பால் எக்ஸ்போ, ஆர்வலர்களும் பழைய வடிவமைப்பாளர்களும் நேரில் சந்திக்க வழி செய்தது.

1992இல் வந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' 20,000க்கும் மேல் விற்று ஒரு மறுமலர்ச்சியைக் காட்டியது. ஆனால் 1999இல் வில்லியம்ஸ் நிறுவனம் தன் பின்பால் பிரிவை மூடியது. அதன்பின் சில ஆண்டுகள் ஸ்டெர்ன் மட்டுமே பெரிய உற்பத்தியாளராக நீடித்தது. மூடிய நிறுவனங்களின் இயந்திரங்களுக்கு இனி உதிரிபாகம் யார் தருவார் என்ற கேள்விக்கு விடையளித்தவர்களும் ஆர்வலர்களே. அவர்களில் சிலர் ரப்பர் வளையம், பிளாஸ்டிக் மூடி, சுருள், சுற்றுப்பலகை ஆகியவற்றை மறுபடி தயாரிக்கும் சிறுதொழில்களைத் தொடங்கினர்.

பழுதும் அதன் காரணமும்

1970களின் இறுதிவரை வந்த மின்-இயந்திர வகையில் கணினி கிடையாது. குண்டு ஓர் இலக்கில் மோதினால் சுவிட்ச் மூடும், ரிலே இழுக்கும், ஒரு சிறு மோட்டார் சுழன்று, 50 புள்ளி என்றால் பத்துப் புள்ளித் துடிப்பை ஐந்து முறை அனுப்பும். ஆகவே பெரும்பாலான கோளாறுகள் அழுக்கேறிய அல்லது வளைந்த சுவிட்ச் முனைகளிலேயே இருக்கும். இம்முனைகளை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். பிந்தைய மின்னணு வகையில் முனைகளுக்குத் தங்கமுலாம் பூசியிருப்பதால் அரம் கூடாது; இரு முனைகளுக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டை வைத்து இழுத்தால் போதும்.

துடுப்புச் சுருள் கருகுவது மற்றொரு பொதுவான கோளாறு. அச்சுருளில் இரண்டு சுற்றுகள் உண்டு: துடுப்பைத் தூக்க வலிமையான ஒன்று, தூக்கியபடி வைத்திருக்க மெலிதான ஒன்று. துடுப்பு மேலே போனதும் ஒரு சிறு சுவிட்ச் திறந்து, முதல் சுற்றுக்கு நேராகப் பாயும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அது திறக்காவிட்டால் சில நொடிகளில் சுருள் சூடாகிப் புகையும். சுருளை மட்டும் மாற்றிவிட்டுச் சுவிட்சைக் கவனிக்காதவர், புதிய சுருளையும் இழப்பார். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதிக ஆம்பியர் ஃபியூஸ் போடுவது இன்னும் ஆபத்தானது. அது தீ விபத்தில் முடியலாம்.

1970களின் பிற்பகுதி முதல் வந்த சுற்றுப்பலகைகளுக்கு எதிரி, அவற்றின் மேலேயே பொருத்தப்பட்ட பேட்டரி. அது கசிந்தால் செப்புத் தடங்கள் அரிக்கப்படும். காரத்தன்மை கொண்ட அந்தக் கசிவை வினிகரால் நடுநிலையாக்கி, கழுவி, நன்கு உலர்த்திய பிறகே பழுதுபார்ப்பு தொடங்கும்.

அமெரிக்க இயந்திரங்கள் ஏறத்தாழ 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அமைந்தவை. இந்தியாவின் 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் கருகிவிடும். மாற்று வோல்ட்டுக்கான இணைப்பு இல்லாத இயந்திரத்துக்கு மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அப்போதும் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் சற்று மெதுவாகவே சுழலும். சில பாகங்களில் முழு மின்னழுத்தம் இருப்பதால், பிளக்கைக் கழற்றிய பிறகே உள்ளே கைவைக்க வேண்டும்.

எது மீட்பு?

இயந்திரத்தின் பின்கண்ணாடியில் உள்ள ஓவியம் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டது. பல ஆண்டுகள் விளக்குச் சூட்டில் வண்ணம் உரிந்து உதிரும். ஆட்டப்பலகையிலும் குண்டு ஓடிய இடங்களில் வண்ணம் தேய்ந்து மரம் தெரியும். இதைக் கையாள்வதில் ஆர்வலர்களிடையே இரு போக்குகள் உள்ளன. ஒரு சாரார் புதிய பலகை பொருத்தி, பளபளப்பாக்கி, தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் ஆக்குகின்றனர். மற்றொரு சாரார் உதிர்வதைத் தடுத்து நிறுத்துவதோடு நின்று, பழைய வண்ணத்தையும் தேய்மானத்தையும் விட்டுவைக்கின்றனர். முதல் வழியில் இயந்திரம் நெடுநாள் ஆடத் தாங்கும். ஆனால் அகற்றப்பட்ட மூல ஓவியம் திரும்பக் கிடைக்காது. அதனால் பலர் பழைய பலகையை எறியாமல் தனியே பாதுகாக்கின்றனர்.

கலிபோர்னியாவின் அலமேடாவில் உள்ள பசிபிக் பின்பால் அருங்காட்சியகமும், டிம் ஆர்னால்டு 2006இல் லாஸ் வேகாஸில் திறந்த பின்பால் ஹால் ஆஃப் ஃபேமும் பழைய இயந்திரங்களைப் பார்வையாளர்களே ஆடும்படி வைத்துள்ளன. ஆடப்படும் இயந்திரம் தேயும். ஆடப்படாத இயந்திரத்தில் சுவிட்ச் முனைகள் மங்கி, ரப்பர் இறுகிவிடும். இந்த முரண்பாட்டுக்கு நிரந்தரத் தீர்வு கிடையாது. தேய்ந்ததை அவ்வப்போது சரிசெய்யத் தெரிந்தவர்கள் தொடர்ந்து உருவாவதைப் பொறுத்தே இவற்றின் ஆயுள் அமைகிறது.