எழுபத்திரண்டில் ஒன்று

விமான அருங்காட்சியகப் போட்டிகளில் மாதிரி விமானங்களுக்கு மதிப்பெண் போடும்போது நான் வண்ணத்தில் மயங்குவதில்லை. இறக்கைகள் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, ஒட்டிய கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். மேசையில் நிறைய இருப்பது 1/72 அளவு; ஆறடி ஆள் ஓர் அங்குலமாகிவிடுவான். 1936இல் பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் ‘பெங்குவின்’ பிளாஸ்டிக் மாதிரிகளை இந்த அளவில்தான் விற்றது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, வானில் வருவது எதிரி விமானமா என்று கண்டறியும் பயிற்சிக்காகப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகள் கேட்டது. அதே 1/72, உருவக்கோடு மட்டும் தெரியக் கறுப்பு வண்ணம். (என் மேசைக்கு வந்திருந்தால் வண்ணத்துக்குப் பூஜ்யம்தான்!) 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் மாதிரி வுல்வொர்த் கடைகளுக்கு வந்த பிறகு மாதிரி விமானம் செய்வது பையன்களின் பொழுதுபோக்கானது. போட்டிக்கு வருகிறவர்களே, வண்ணம் அடிக்குமுன் ஒட்டிய கோட்டை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.