வராமற்போன பறவைகளின் கணக்கு

அரியலூர் மண்ணைத் தோண்டுவோர் கையில் இன்றும் கடல் அகப்படுகிறது. சிப்பிகளும், சுருள் சுருளான அம்மோனைட்டு ஓடுகளும் கல்லுருவாகிச் சுண்ணாம்புப் பாறைகளிடையே உறைந்து கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் கல்மரமும் அக்கடலில் புதையுண்ட மரமே என்பர் நிலவியலார். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையெறிந்த கடல், காலப்போக்கில் கிழக்கே விலகிப் போயிற்று. அது விட்டுச்சென்ற சுண்ணாம்பைத்தான் நம் சிமெண்டு ஆலைகள் இன்று அரைத்துக் கொண்டிருக்கின்றன.

கடல் விலகிய போதிலும், கடலோடு நமக்குள்ள உறவு முற்றும் அறுந்துவிடவில்லை. புள்ளம்பாடி வாய்க்கால் கொணரும் காவிரி நீரால் நிறையும் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலந்தோறும் வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வந்து சேர்கின்றன. அவற்றோடு மீசை ஆலாக்களும் நீர்ப்பரப்பின் மேல் தாழ்ந்து வட்டமிடுகின்றன. 2024 சனவரியில் இந்த ஏரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஆலாக்களின் குடும்பம் ஏரிக்கும் கடலுக்கும் பொதுவானது. நம் ஏரிக்கு வரும் ஆலாவின் உறவினங்கள் பல, இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

அந்தத் தென்கடலில் காற்றாலைகளை நடுவதற்கு நம் நாடு திட்டமிட்டுள்ளது. கடற்காற்றாலைகளுக்கான தேசியக் கொள்கை 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2024 சூனில் நடுவண் அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் நிதியுதவிக்கு ஒப்புதல் அளித்தது. குசராத்துக் கடலில் 500 மெகாவாட், தமிழகக் கடலில் 500 மெகாவாட் என்பது அதன் முதற்படி. நம் கடலில் இன்னும் ஒரு தூணும் எழாத நிலையில், பிற நாட்டுக் கடல்களில் எழுந்த தூண்கள் பறவைகளை என்ன செய்தன என்று கேட்பது நம் கடமையாகும். அதற்கு விடைகூற முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

உலகின் முதல் கடற்காற்றாலைத் தொகுதி 1991இல் தென்மார்க்கு நாட்டின் விண்டேபி என்னுமிடத்தில் எழுந்தது. கரையோரக் கடலில் 11 காற்றாலைகள் மட்டுமே கொண்ட சிறு முயற்சி அது. 2017இல் அது கழற்றி அகற்றப்பட்டது. ஆனால் 2002இல் ஆர்ன்சு ரெவ் என்னுமிடத்தில் 80 காற்றாலைகளும், 2003இல் நியூஸ்டெட் என்னுமிடத்தில் 72 காற்றாலைகளும் எழுந்தபோது, இறக்கைகளில் மோதிப் பறவைகள் கூட்டங்கூட்டமாக மடியும் என்ற அச்சம் பரவியது. நியூஸ்டெட்டில் அறிஞர்கள் ராடார் கொண்டு இரவும் பகலும் கவனித்தனர். வலசை செல்லும் வாத்துகள் தொலைவிலேயே காற்றாலைகளைக் கண்டு வழிவிலகிச் சென்றன. மோதும் அளவுக்கு நெருங்கியவை 100இல் ஒன்றுக்கும் குறைவு என 2005இல் அவர்கள் வெளியிட்டனர்.

பெல்சியம் நாட்டின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து வந்த செய்தியோ வேறுவகையானது. அங்கே கடல்தடுப்புச் சுவரின் மேல் 25 காற்றாலைகள் வரிசையாக நின்றன. அவற்றின் அருகிலேயே ஆலாக்கள் கூடமைத்திருந்தன. 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் காற்றாலை ஒன்றுக்கு ஆண்டுதோறும் சராசரியாக 6.7 ஆலாக்கள் மடிந்தன. கூடுகளுக்கு மிக அருகில் நின்றவற்றில் இத்தொகை ஏறத்தாழ 11 ஆயிற்று. அடைகாக்கும் இணைக்கு இரை கொணர்வதற்காகக் கடலுக்கும் கூட்டுக்குமாக ஓயாது பறந்த ஆண் பறவைகளே மிகுதியாக மாண்டன என்பது பின்னர்த் தெரியவந்தது. கடந்து செல்லும் வாத்துக்குச் சுற்றிப் போக இன்னொரு வழி உண்டு. குடும்பத்துக்கு இரை சுமக்கும் ஆலாவுக்கு அவ்வழியன்றி வேறு வழியில்லை.

ஒரு காற்றாலைக்கு ஏழு பறவைகள் என்பது சிறு தொகைதானே என்று சிலர் வினவக்கூடும். கோழியையும் புறாவையும் மனத்திற்கொண்டு கடற்பறவையை அளவிடலாகாது. அது நெடுநாள் வாழ்வது. முதிர்ந்து இணைசேரச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆண்டுக்கு ஒன்றோ சிலவோ முட்டைகளே இடும். ஆகவே முதிர்ந்த பறவைகளுள் ஆண்டுதோறும் சில கூடுதலாக மடிந்தாலே அந்த இனத்தொகை மெல்லச் சரியும்.

சாவைவிட ஆழமான மற்றோர் இழப்பையும் வடகடல் காட்டிற்று. செந்தொண்டை லூன் என்னும் மூழ்குபறவை காற்றாலைகளில் மோதுவதில்லை, அப்பகுதிக்கே வருவதில்லை. செருமானியக் கடற்பரப்பில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. காற்றாலைகளைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் லூன்களின் தொகை 94 விழுக்காடும், 10 கிலோமீட்டர் வரையிலான பரப்பில் 52 விழுக்காடும் குறைந்திருந்தன. அங்கே ஒரு பறவையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் இரைக்களம் பறிபோயிற்று. இதற்கு நேர்மாறாக, ஆர்ன்சு ரெவ்வில் முதலில் விலகிச் சென்ற கருங்கடல்வாத்துகள் சில ஆண்டுகளில் திரும்பி வந்து காற்றாலைகளிடையே இரை தேடின. எனவே எல்லாப் பறவைக்கும் ஒரே தீர்ப்பை எழுதிவிட இயலாது.

இந்த வரலாறு ஒரு பாடத்தை அழுத்தமாகச் சொல்கிறது. செத்து விழுந்த பறவையை எண்ணிவிடலாம். வராமற்போன பறவையை எண்ண வேண்டுமானால், முன்பு எத்தனை வந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். காற்றாலைகள் எழுவதற்கு முன்னரே கடலின் மேல் பறந்து எண்ணி வைத்திருந்ததனால்தான் செருமானியர் தம் இழப்பை அறிந்தனர். இங்கிலாந்தின் தேம்சு முகத்துவாரத்தில் இலண்டன் அர்ரே என்னும் பெருந்தொகுதியின் இரண்டாம் கட்டம் 2014இல் கைவிடப்பட்டதற்கும், அங்குக் குளிர்காலம் கழிக்கும் இந்த லூன்களைப் பற்றிய ஐயமே முதன்மையான காரணம். 2023 மே மாதம் ஓரிரவு, வலசைக் கூட்டம் கடக்கும் நேரமறிந்து, நெதர்லாந்து நாட்டினர் தம் கடற்காற்றாலைகள் சிலவற்றை நான்கு மணி நேரம் ஏறக்குறைய நிறுத்திவைத்தனர். பறவையின் காலமும் வழியும் தெரிந்திருந்தமையால் இவையெல்லாம் கைகூடின.

நம் தென்கடலைப் பற்றி நமக்கு இத்தகைய அறிவு உண்டா? ஏரிகளில் நாம் பறவைகளை எண்ணுவது பெரும்பாலும் குளிர்காலத்தில். வரித்தலை வாத்துக்கு அது பொருந்தும். மன்னார்ப் பகுதிக் கடலிலோ தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் காற்று மிகுதி. காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலப்போவதும் அப்போதுதான். மணல்திட்டுகளில் ஆலாக்கள் குஞ்சுகளுக்கு இரை சுமப்பதும் ஏறக்குறைய அதே பருவத்தில். அதனையடுத்து இலங்கையின் மேற்குக் கரையோரமாக ஆலாக் கூட்டங்கள் தெற்கு நோக்கிச் செல்கின்றன. நாம் எண்ணாத பருவமே அவற்றின் இடர்ப்பருவம் ஆகும்.

கடலுக்கு அப்பால், மன்னார்த் தீவின் கரையில் 2020இல் 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி தொகுதி திறக்கப்பட்டது. அதனையடுத்துத் திட்டமிடப்பட்ட மற்றொரு பெருந்தொகுதி, பறவைகளின் வலசைப் பாதை பற்றிய எதிர்ப்புக்கும் மின்விலை பற்றிய பூசலுக்கும் நடுவே சிக்கிற்று. அதனை ஏற்றிருந்த நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. பறவைகளைப் பற்றிய கேள்வி, திட்டம் வகுத்த பின்னர் எழுந்தால் அது வழக்காக மாறிவிடும். முன்னரே எழுந்தால் அறிவாக அமையும்.

காற்றாலை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. நிலக்கரிப் புகையால் கடல் வெப்பமேறும்போது, மீன்கள் இடம்பெயர, அவற்றை நம்பிய பறவைகள் பட்டினி கிடக்கின்றன. உலகில் கண்காணிக்கப்பட்ட கடற்பறவைகளின் தொகை 1950க்கும் 2010க்கும் இடையே ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. இதில் காற்றாலைகளின் பங்கு மிகச் சிறிது. மீன்வலைகளும், எண்ணெய்க் கசிவும், தீவுகளில் நாம் கொண்டுவிட்ட எலிகளுமே பெருங்காரணங்கள். ஆயினும் ஒரு நன்மையின் பெயரால் நாம் செய்வதும் எண்ணிப் பார்த்துச் செய்யத் தக்கதே.

எனவே முதல் தூண் இறங்குமுன், ஆண்டின் எல்லாப் பருவங்களிலும், குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளேனும் மன்னார்க் கடலின் பறவைகள் எண்ணப்பட வேண்டும். அப்பணிக்கு ராடாரும் வேண்டும். ஆலாக்கள் வட்டமிடும் இடங்கண்டு மீன்கூட்டத்தை அறியும் கடலோர மீனவரின் கண்ணும் வேண்டும். கூடுகட்டும் திட்டுகளின் அருகிலுள்ள கடற்பரப்பை விலக்கி வைக்கவும் வேண்டும். மின்சாரம் எத்தனை மெகாவாட் என்று நாளை எழுதப்போகும் ஏட்டில், பறவைகள் எத்தனை என்ற முதற்பக்கம் இன்றே எழுதப்படட்டும். அப்பக்கம் வெற்றிடமாக இருக்குமானால், பின்னாளில் ஆலாக்கள் குறைந்தபோது, குறைந்தன என்று சொல்லக்கூட நம்மிடம் சான்று இராது.