நாள் குறித்தவர்கள்

கிறிஸ்து மீண்டும் வருவார் என்பது கிறிஸ்தவர்தம் நம்பிக்கை. அந்நாளைப் பிதா ஒருவரே அறிவார் என மத்தேயு சுவிசேஷத்தின் 24ஆம் அதிகாரம் தெளிவாகவே கூறுகின்றது. இருந்தும் நாள் குறிக்க முற்பட்டோர் பலர். அவருள் நியூயோர்க் மாநிலத்து உழவரான வில்லியம் மில்லர் வஞ்சகம் அறியாதவர்.

தானியேல் நூலின் 8ஆம் அதிகாரத்திலே, 2300 நாள் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்றொரு வாக்கு உண்டு. எசேக்கியேல் நூலை ஆதாரமாகக் கொண்டு, நாளொன்றை ஆண்டொன்றாக மில்லர் கொண்டார். எருசலேமைப் புதுப்பிக்கப் பாரசீக மன்னன் கட்டளையிட்டதாக அவர் கருதிய கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843 அளவில் முடிவு வரும் என்றார். பரிசுத்த ஸ்தலம் என்பது இப்பூவுலகே என்று அவர் பொருள் கொண்டமைதான், கணக்கினும் மிக ஐயத்துக்குரியது.

குறித்த காலம் கடந்தது. சாமுவேல் ஸ்னோ என்பார் 1844 ஒக்டோபர் 22 என நாளையே வரையறுத்தார். தயங்கிய மில்லரும் ஈற்றில் இசைந்தார். சில உழவர் விளைந்த பயிரை அறுக்காது விட்டனர். நள்ளிரவு கழிந்தது, பொழுதும் புலர்ந்தது. எள்ளி நகைத்த ஊரார் கண்முன்னே அவர்கள் மீண்டும் வயலுக்குச் செல்ல நேர்ந்தது.

பலர் விலகினர். நாள் சரியே, நிகழ்ந்தது பரலோகத்துப் பரிசுத்த ஸ்தலத்திலே என விளக்கிய சிலரிடமிருந்து, 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை உருப்பெற்றது. மில்லர் அவர்களோடு சேரவில்லை. 1849இல், தம் ஆண்டவரின் வருகையை எதிர்நோக்கியவாறே கண்மூடினார்.