ஒரு கணிப்பொறியும் பல மேசைகளும்

கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டியை அடுத்துச் சண்முகாநதி நீர்த்தேக்கம் இருக்கிறது. தேக்கம் ஒன்று, வயல்கள் பல. முறை வைத்து நீர் பாய்ச்சாவிடில் கடைமடை காயும். வரப்பு இல்லாவிடில் ஒருவன் இட்ட உரம் அடுத்தவன் வயலுக்கு ஓடிவிடும். ஒரு கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட வரலாறும் முறை, வரப்பு என்னும் இவ்விரண்டின் வரலாறே ஆகும்.

1950-களில் கணிப்பொறி ஓர் அறையையே அடைத்து நின்றது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரும் துணைவரும் ஒரு மாற்று வழியைச் செய்து காட்டினர். பொறி ஒருவருக்கு நொடிப்பொழுது உழைத்துவிட்டு அடுத்தவரிடம் செல்லும். சுழற்சி விரைவாக நிகழ்ந்தமையால், பொறி தமக்கே உரியதென ஒவ்வொருவரும் எண்ணினர். முறை அமைந்துவிட்டது.

வரப்போ அத்துணை எளிதில் அமையவில்லை. 1960-களில் ஒரு நாள், பொறுப்பாளர் ஒருவர் கடவுச்சொற் பட்டியலையும், மற்றொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே வேளையில் திருத்தினர். ஒரு கணக்கில் ஒருவரே பணியாற்றுவார் என்று கருதித் திருத்துங்கருவியை அமைத்திருந்தனர். ஆதலால் இருவர் வேலைக்கும் தற்காலிகக் கோப்பின் பெயர் ஒன்றாகிவிட்டது. பொறிக்குள் நுழைந்தோர் அறிவிப்பைக் காணவில்லை. எல்லாருடைய கடவுச்சொற்களையும் கண்டனர்!

1969-இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்தது. அதன் வழியையொட்டி 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இவற்றில் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெயர், தனி இல்லக் கோப்புறை. இசைவின்றிப் பிறர் கோப்பைத் திறத்தல் இயலாது. 1998-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்று வி.என்.சி. என்னும் கருவியை வெளியிட்டது. தொலைவிலுள்ள பொறியின் திரையை நம் முன்னே அது கொண்டுவந்தது.

இக்கருவியை இயக்குவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒரே திரையை இருவர் திறந்தால், ஒரே சுட்டியை இருவரும் இழுப்பர். லினக்ஸில் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்திரை எழுப்புதல் வேண்டும். முதல் திரைக்கு வாயில் எண் 5901, இரண்டாவதற்கு 5902. கடவுச்சொல்லும் தனித்தனியே. பழைய வி.என்.சி. செய்தியை மறைத்து அனுப்பாது. ஆதலால் 1995-இல் தோன்றிய எஸ்.எஸ்.எச். என்னும் மறைவழியூடே அதனைச் செலுத்துதல் நலம்.

மாணவர்களே, வரப்பு நீரைப் பெருக்காது. திரைகள் பெருகப் பெருகப் பொறியின் நினைவகம் பங்குபடும். அளவறிந்தே எழுப்புதல் வேண்டும். அவ்வாறு செய்தால், வசதி குறைந்த சிற்றூர்ப் பள்ளியிலும் ஒரு நல்ல பொறியைக் கொண்டு பலர் பயிலலாம்; ஒருவர் எழுதியதை மற்றவர் அழியாதும் காக்கலாம்.