காதால் கண்ட வௌவால்: ஸ்பல்லான்சானி முதல் டைக்கிராஃப் வரை ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வௌவால் இருளில் தடைகளைத் தவிர்த்துப் பறப்பது செவியின் துணையால்தான் என்பது 1794-ஆம் ஆண்டளவிலேயே சோதனை வழி அறியப்பட்டது. எனினும் அம்முடிவு அறிவுலகில் நிலைபெற ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. ஜார்ஜ் கூவியேயின் செல்வாக்கே இத்தாமதத்திற்குக் காரணம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அவ்விளக்கம் காலவரிசையோடு முழுமையாகப் பொருந்தவில்லை என்பதையும், பார்வையற்றோர் தம் அனுபவமாகக் கூறிவந்த ‘முகவுணர்வு’ தொடுவுணர்வுக் கொள்கைக்கு வலுவூட்டியிருக்கக்கூடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வௌவால், எதிரொலி இடமறிதல், மீயொலி, ஸ்பல்லான்சானி, கூவியே, அறிவியல் வரலாறு

முன்னுரை

வௌவால் எதிரொலியைக் கேட்டு வழியறிகிறது என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. இச்செய்தியின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் ஒரே வகையான கதையையே கூறுகின்றன. இத்தாலிய அறிஞர் ஒருவர் உண்மையைக் கண்டார். பிரெஞ்சு அறிஞர் ஒருவர் தம் பெயரின் பலத்தால் அதை மறைத்தார். அமெரிக்க மாணவர் ஒருவர் கருவியின் துணையால் அதை மீட்டார் என்பது அக்கதை. மூன்று கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆயினும் ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து இரண்டாம் கூற்று தளர்கிறது. மூன்றாம் கூற்றும் திருத்தம் வேண்டி நிற்கிறது.

பாவியாவில் நடந்தவை

லாசரோ ஸ்பல்லான்சானி (1729–1799) வட இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர், கத்தோலிக்கக் குருவுமாவார். 1793-இல் அவர் வளர்த்த ஆந்தையொன்று, மெழுகுவர்த்தி அணைந்து அறை முற்றும் இருண்டதும் தடுமாறிச் சுவரில் மோதியது. அதே இருளில் வௌவால்கள் தடையின்றிப் பறந்தன. இரவில் இரைதேடும் இரண்டு உயிர்களுக்கிடையே காணப்பட்ட இவ்வேறுபாடே அவருடைய சோதனைகளின் தொடக்கம்.

முதலில் வௌவாலின் தலையை உறையால் மூடினார். அது வழிதவறியது. கண் மறைக்கப்பட்டமையால் இவ்வாறாயிற்று என்று இவ்வளவில் முடிவு செய்திருக்கலாம். அவர் அவ்வாறு நிற்கவில்லை. வௌவால்களின் கண்களைச் சூட்டினால் கெடுத்தும் அகற்றியும் பறக்கவிட்டார். குருடாக்கப்பட்ட வௌவால்கள், கூரையிலிருந்து தொங்கவிடப்பட்ட மெல்லிய நூல்களுக்கிடையே கண்ணுள்ளவை போன்றே பறந்தன. இக்காலத்து ஆய்வு நெறிக்குழு எதுவும் அனுமதிக்காத சோதனை இது. இதன் விலையைச் செலுத்தியவை அச்சிற்றுயிர்களே.

அறைக்குள் பறப்பது வேறு, வெட்டவெளியில் இரைபிடிப்பது வேறு என்னும் ஐயத்தையும் அவரே எழுப்பிக்கொண்டார். பாவியாப் பேராலயத்தின் மணிக்கூண்டில் பிடித்த வௌவால்களைக் குருடாக்கி விடுவித்தார். பின்னர் மீண்டும் பிடிபட்ட சிலவற்றின் இரைப்பையை அறுத்துப் பார்த்தபோது, கண்ணுள்ள வௌவால்களின் இரைப்பையைப் போலவே அவையும் பூச்சிகளால் நிறைந்திருந்தன. அக்காலச் சோதனைகளுள் இதற்கு இணையான தெளிவுடையவை சிலவே எனலாம்.

இங்கு ஒரு குறிப்பு வேண்டற்பாலது. ஸ்பல்லான்சானி பயன்படுத்தியவை பூச்சியுண்ணும் சிறு வௌவால்கள். தமிழகத்தில் ஆலமரங்களில் பகற்பொழுதில் கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலை எடுத்து இதே சோதனையைச் செய்திருந்தால் விடை நேர்மாறாக வந்திருக்கும். அது கண்ணாலும் மூக்காலும் வழியறிவது, எதிரொலியைப் பயன்படுத்துவதில்லை. கோவில் மண்டபங்களின் இருளில் வாழும் சிறு வௌவால்களோ ஸ்பல்லான்சானியின் வௌவால்களோடு ஒத்தவை. தென்னிந்தியச் சிறு வௌவால் இனங்களின் செவித்திறனை அளந்து ஜெர்மானிய விலங்கியலாளர் நாய்வைலரும் இந்திய ஆய்வாளர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வோர் இனமும் தான் இரைதேடும் இடத்துக்கேற்ப வெவ்வேறு அதிர்வெண்களில் கூர்ந்து கேட்கிறது என்பதைக் காட்டியது. ‘வௌவால்’ என்னும் ஒரு சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு அடங்கியிருப்பதைப் பழைய ஆய்வாளர் அறியார்.

கண் இல்லையெனில் வேறெந்தப் புலன்? தொடுவுணர்வை நீக்க வௌவாலின் உடலின்மீது வார்னிஷ் பூசினார், அது பறந்தது. முகர்தலையும் சுவைத்தலையும் தடுத்தார், அப்போதும் பறந்தது. எனவே மனிதருக்கு இல்லாத புதியதொரு புலன் வௌவாலுக்கு இருக்கலாம் என்று ஐயுற்று, துரின் நகர அறிஞர் வசல்லி முதலானோர்க்குக் கடிதங்கள் எழுதினார். 1794-இல் அச்சான அக்கடிதத் தொகுப்பின் தலைப்பிலேயே ‘புதிய புலன் பற்றிய ஐயம்’ என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. ‘ஐயம்’ என்ற அச்சொல்லின் அடக்கம் குறிப்பிடத்தக்கது.

இச்செய்தி ஜெனீவாவை எட்டியது. அங்கிருந்த அறுவை மருத்துவர் லூயி ஜுரின், வௌவாலின் காதுகளை அடைத்துப் பறக்கவிட்டார். அது தடைகளின்மீது மோதிக்கொண்டே இருந்தது. ஸ்பல்லான்சானி முதலில் இதை எளிதில் ஏற்கவில்லை; தாமே மீண்டும் செய்து பார்த்தார். காதை அடைப்பதால் உண்டாகும் வலியே தடுமாற்றத்திற்குக் காரணமாகலாம் அன்றோ? அதை அறிய, வௌவாலின் காதுகளில் சிறிய பித்தளைக் குழாய்களைப் பொருத்தினார். குழாய் திறந்திருந்தபோது வௌவால் நன்கு பறந்தது. அதே குழாயை அடைத்தபோது தடுமாறியது. குழாயால் விளையும் துன்பம் இருநிலையிலும் ஒன்றே. வேறுபட்டது கேட்டல் ஒன்றுதான். இதன்பின் அவர் தம் ‘புதிய புலன்’ கருத்தைக் கைவிட்டார்.

ஆனால் வௌவால் எதைக் கேட்டது? மனிதச் செவிக்கு அதன் பறத்தல் ஏறத்தாழ ஓசையற்றது. இவ்வினாவுக்கு ஏற்கத்தக்க விடை எதுவும் அளிக்கப்படாமலேயே 1799-இல் ஸ்பல்லான்சானி மறைந்தார். அவருடைய பிற்காலச் சோதனைகளுள் பல கையெழுத்துக் குறிப்புகளாகவே நின்றுவிட்டன.

கூவியேயின் ஊகம்

வௌவாலின் அகன்ற மெல்லிய சிறகுச்சவ்வு காற்றின் அழுத்த மாற்றத்தையும் வெப்ப மாற்றத்தையும் உணர்ந்து, தொடாமலேயே தடையை அறிகிறது என்பது கூவியே முன்வைத்த கருத்து. இதற்காக அவர் சோதனை எதுவும் செய்யவில்லை. உடற்கூற்றிலிருந்து மட்டும் இம்முடிவுக்கு வந்தார். இக்கட்டுரை வெளிவந்தது 1795-இல். கூவியே பிறந்தது 1769-இல். பாரிசுக்கு வந்ததே 1795-இல்தான். அப்போது அவர் இருபத்தாறு வயது இளைஞர். ஐரோப்பா முழுதும் அஞ்சி வணங்கிய பெரும்புகழ் பிற்காலத்தது. மறுதலையாக, ஸ்பல்லான்சானியோ அறுபது கடந்து, கண்டமெங்கும் அறியப்பட்டவர். பெரியவரின் பெயர் சிறியவரின் உண்மையை நசுக்கியது என்னும் கதையை இக்காலக்கணக்கு தலைகீழாக்குகிறது. மேலும், கூவியே தம் கட்டுரையின் தலைப்பிலேயே அதை ‘ஊகங்கள்’ என்று குறித்திருந்தார்.

ஊகம் உண்மையாக மாறியது பின்னரே. 1800 முதல் 1805 வரை வெளிவந்த அவருடைய ஒப்பீட்டு உடற்கூற்றியல் விரிவுரைகள் பாடநூலாகப் பரவின. அவற்றோடு இக்கருத்தும் பரவியது. ஜுரினின் சோதனைகள் 1798-இல் பிரெஞ்சு இதழொன்றில் அச்சாகியும் படிப்போர் கவனத்தைப் பெறவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் வேலையை மாற்றிப்போட்டு எள்ளி நகையாடியோரும் இருந்தனர்.

கூவியேயைக் குற்றமற்றவர் என்று கொள்வதற்கில்லை. வார்னிஷ் பூசப்பட்ட வௌவால் இடரின்றிப் பறந்தது என்னும் சான்று அவர் கொள்கைக்கு நேரெதிரானது. அதை உரியவாறு எதிர்கொள்ளாமை பெருங்குறையே. எனினும் அவர் கூறியது வெறும் கற்பனையுமன்று. வௌவாலின் சிறகில் உள்ள நுண்மயிர்கள் காற்றோட்டத்தை உணர்ந்து பறத்தலைச் சீர்செய்கின்றன என்பது 2011-இல் வெளியான ஆய்வொன்றால் உறுதிப்பட்டது. சிறகு உணர்கிறது, ஆனால் நூலை அறிவது சிறகன்று.

முகத்தால் அறிதல்

தொடுவுணர்வுக் கொள்கை நூறாண்டுக்கு மேல் நிலைத்ததற்குப் பிறிதொரு காரணமும் கருதத்தக்கது. அது வௌவாலைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ 1749-இல் பார்வையற்றோர் குறித்து எழுதிய கடிதநூலில், பார்வையற்ற ஒருவர் தம்முன் பொருள் இருப்பதை முகத்தின்மீது காற்றுப்படும் தன்மையால் அறிவதாகக் குறித்தார். பின்வந்த காலத்திலும் பார்வையற்றோர் பலர், சுவரை நெருங்கும்போது நெற்றியிலும் கன்னத்திலும் மெல்லிய அழுத்தம் தோன்றுவதாகத் தாமே கூறினர். இதற்கு ‘முகப்பார்வை’ என்று பெயரும் வழங்கியது. இருளில் வழியறியும் மனிதரே தோலால் அறிவதாகச் சொல்லும்போது, இருளில் பறக்கும் வௌவாலும் தோலால் அறிகிறது என்பதை ஏற்கத் தடை என்ன? கூவியேயின் ஊகம் வாசகர்க்குப் பழகிய நிலத்தில் விழுந்த விதை.

அந்நிலமே பிழையானது என்பது 1944-இல்தான் முழுமையாக வெளிப்பட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாலன்பாக்கும் அவருடைய மாணவர்களான சூப்பா, காட்சின் ஆகியோரும் பார்வையற்றோரையும் கண்கட்டப்பட்டோரையும் சுவரை நோக்கி நடக்கச் செய்தனர். முகத்தைத் தடித்த துணியால் மூடியபோதும் அவர்கள் தடையை உணர்ந்து நின்றனர். காதை அடைத்தபோது மோதினர். பிறிதொரு சோதனையில், ஆய்வாளர் ஒலிவாங்கியை ஏந்திச் சுவரை நோக்கி நடக்க, வேறோர் அறையில் இருந்தவர் அவ்வோசையைக் கேட்டே சுவர் நெருங்குவதைச் சொன்னார். முகத்தில் தோன்றிய அழுத்தம் செவிவழி வந்த அறிவே; உணர்ந்தவர்க்கே அது தெரியவில்லை.

கேளா ஒலி

மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதற்கு மேலும் ஒலியுண்டு என்பதைப் பிரான்சிஸ் கால்டன் 1870-களில் செய்த ஊதல் எளிய முறையில் காட்டியது. எனினும் வௌவாலோடு அதை எவரும் இணைக்கவில்லை. 1908-இல் அமெரிக்காவில் ஹான் என்பவர் காதடைத்த வௌவால்கள் கம்பிகளில் மிகுதியாக மோதுவதை மீண்டும் கண்டார். காரணத்தை அவராலும் தெளிவிக்க இயலவில்லை.

டைட்டானிக் கப்பல் மூழ்கிய 1912-ஆம் ஆண்டில், இயந்திரத் துப்பாக்கியால் பெயர்பெற்ற ஹிராம் மாக்சிம் இதில் நுழைந்தார். வௌவாலின் சிறகடிப்பு எழுப்பும், மனிதர் கேளாத தாழ்ந்த ஒலி தடைகளில் பட்டுத் திரும்புகிறது என்றும், அதுபோன்ற கருவியைக் கப்பலில் பொருத்தலாம் என்றும் அவர் கூறினார். எதிரொலி என்னும் கருத்து சரி, ஒலிதான் பிழை. நொடிக்கு 15 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 23 மீட்டர். அத்தகைய அலை பனிமலையில் பட்டுத் திரும்பலாம், நூலிழையைக் காட்டாது. 50,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் உடலியலாளர் ஹார்ட்ரிட்ஜ் 1920-இல் அவ்வுயர்ந்த ஒலியையே சுட்டினார். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிகளைக் கண்டறிய லாங்ஷவான் மீயொலியைக் கையாண்டதற்குப் பிந்திய ஆண்டுகள் அவை.

ஹார்வர்டில் இயற்பியலாளர் பியர்ஸ், பூச்சிகளின் ஒலியை ஆராய மீயொலி உணரும் கருவியொன்றை அமைத்திருந்தார். 1938-இல் மாணவர் டொனால்டு கிரிஃபின் கூண்டில் வௌவால்களைக் கொண்டுவந்து அதன்முன் வைத்தார், கருவி ஒலித்தது. ஆயினும் அவ்வாண்டின் கட்டுரை, இவ்வொலியே தடையறியப் பயன்படுகிறது என்று உறுதி கூறவில்லை. பறக்கும் வௌவாலிடம் ஒலி அரிதாகவே பதிவாயிற்று. ஒலி கற்றைபோல் முன்னோக்கிச் செல்வதும், கருவி நேரெதிரே இருந்தாலன்றிப் பிடிபடாமையும் பின்னரே விளங்கின. கிரிஃபினும் ராபர்ட் கலம்போஸும் காதையும் வாயையும் தனித்தனியே அடைத்துச் செய்த சோதனைகள் 1941-இல் வெளிவந்தன. வாயடைத்த வௌவாலும் காதடைத்ததைப் போன்றே மோதியது. ‘எதிரொலி இடமறிதல்’ என்பதற்கான கலைச்சொல்லைக் கிரிஃபின் 1944-இல் ஆக்கியபோது, அக்கட்டுரைத் தலைப்பில் பார்வையற்ற மனிதர், வௌவால், ராடார் மூன்றையும் சேர்த்தே வைத்தார்.

கருவியில்லாக் கண்டுபிடிப்பு

கருவி வந்ததால் உண்மை வந்தது என்று இங்கு நிறுத்திவிடலாம். அதற்கு இடையூறாக நிற்பவர் நெதர்லாந்தின் ஸ்வென் டைக்கிராஃப். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த நாட்டில், அமெரிக்க ஆய்வுகளை அறியாமல் 1943-இல் அவரும் அதே முடிவை அடைந்தார். அவரிடம் மீயொலிக் கருவி இல்லை. மீயொலித் துடிப்பு ஒவ்வொன்றோடும் மிக மெல்லிய ‘டிக்’ என்னும் ஓசை உடனெழுகிறது. அமைதியான அறையில் அருகிருந்து கேட்டால் அது மனிதச் செவிக்கும் எட்டும். தடையை நெருங்கும்போது அவ்வோசை விரைவதை அவர் வெறுங்காதால் கேட்டார். வாயை மூடும் சிறு மூடியைப் பொருத்தியபோது வௌவால் வழிதவறியது. மூடியைத் திறந்ததும் வழியறிந்தது.

ஸ்பல்லான்சானியின் முதல் சோதனையும் தலையை மூடிய உறைதான். அது கண்ணை மட்டுமன்றிக் காதையும் வாயையும் சேர்த்தே மூடியிருந்தது. கண்ணைப் பற்றிக் கேட்டார், பின்னர் காதைப் பற்றிக் கேட்டார். ஓசையற்றதாகத் தோன்றிய உயிரின் வாயைப் பற்றிய வினா மட்டும் அவர் காலத்து விளக்கங்களில் மையம் பெறவில்லை. அவர் அச்சேற்றாது விட்ட சோதனைகளைத் தேடிப் படித்து, 1960-இல் ‘ஐசிஸ்’ இதழில் அவற்றைக் குறித்து விரிவாக எழுதியவரும் இந்த டைக்கிராஃபே.