முதல் மரையை வெட்டியது எது?

“மரை கழண்டுடுச்சா?” என்று ஒருத்தரைத் திட்டும்போது, அந்த மரைக்குப் பின்னால் இருக்கும் கோழி-முட்டைச் சிக்கல்தான் எனக்கு நினைவுக்கு வரும். லேத்தில் ஒரு கம்பிக்கு மரை போட வேண்டுமென்றால், வெட்டும் டூலைச் சீராக நகர்த்த அந்த லேத்திலேயே ஏற்கெனவே ஒரு திருகு வேண்டும். அதுதான் லீட் ஸ்க்ரூ. அதன் பிழை அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு திருகுக்கும் போய்ச் சேரும். சரி, அப்போ முதல் நல்ல திருகு எங்கிருந்து வந்தது?

18ஆம் நூற்றாண்டில் இது மாலுமிகளின் உயிர்ப் பிரச்சினை. நிலாவை வைத்துத் தீர்க்கரேகை கணிக்கும்போது, கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு தவறினால் கப்பலின் இடம் சுமார் 30 மைல் தள்ளிப்போகும். கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட்டின் கோடுகளையோ கையால்தான் பிரித்தார்கள். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் இதற்கு ஓர் இயந்திரம் செய்தார். 2160 பற்கள் கொண்ட பெரிய சக்கரம். அதை நகர்த்த ஒரு திருகு. தீர்க்கரேகை வாரியம் 615 பவுண்டு கொடுத்தது, ரகசியத்தை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1777இல் அது அச்சில் வந்தது.

ஆனால் பெயர் என்னவோ ஹென்றி மாட்ஸ்லேக்குத்தான் போனது. பூட்டு செய்யும் ஜோசப் பிராமாவிடம் வாரம் 30 ஷில்லிங்குக்கு வேலை பார்த்தவர். கூலியை உயர்த்தக் கேட்டார், கிடைக்கல. 1797இல் தனிப் பட்டறை போட்டார். மரம், தகரம், பித்தளை என்று மெதுவான உருளைகளின் மேல் ஒரு கத்தியைச் சாய்வாக வைத்து அழுத்தினால், உருளை சுழலச் சுழலக் கத்தி தானாகவே நகர்ந்து மரை விழும். தாய்த் திருகே தேவையில்லை! பிறகு 5 அடி நீளத்தில், அங்குலத்துக்கு 50 மரை கொண்ட திருகு ஒன்றைச் செய்தார். அதற்கான நட்டு மட்டும் 12 அங்குலம், உள்ளே 600 மரைகள். ஒரு மரை தப்பினாலும் மற்றவை அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

1882 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்றி ரோலண்ட் இதே வழியில் இன்னும் தூரம் போனார். நீள நட்டைத் துண்டுகளாகப் பிளந்து, திருகைச் சுற்றி இறுக்கி, எண்ணெயும் எமரிப் பொடியும் போட்டு முன்னும் பின்னும் ஓட்டினார். மேடுகள் தேய்ந்தன. அந்தத் திருகை வைத்து, ஒளியைப் பிரிக்கும் உலோகத் தகட்டில் அங்குலத்துக்கு 14,000 கோடுகளுக்கு மேல் கீறினார்.

எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது ஒன்றுதான்: துல்லியத்தை யாரும் மேலிருந்து கொடுக்கவில்லை. குறையுள்ள பொருள்களை ஒன்றோடொன்று உரசவிட்டுத்தான் அது வந்தது.

இன்றைக்கு 3டி பிரிண்டரிலும் அதே கணக்குதான். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும் திருகு வேகமானது. ஆனால் மோட்டாரை அணைத்தால் பாரம் தானாக இறங்கிவிடலாம். 2 மி.மீ. ஏறுவது மெதுவானது, நின்ற இடத்தில் நிற்கும். ஆட்டம் இல்லாமல் ஓட வேண்டுமென்றால் இரண்டாகப் பிரிந்து நடுவில் ஸ்பிரிங் வைத்த நட்டு கிடைக்கும். வாங்கும்போது திருகை மட்டும் பார்க்காதீங்க, நட்டையும் பாருங்க.